பத்து ஆட்டத்துக்கு எத்தனை நாள் பயிற்சி?

திருவனந்தபுரம் கால்பந்து அணிகளின் சீசனுக்கு முந்தைய பயிற்சியும், அதைச் சுற்றி நடக்கும் ரசிகர் விவாதமும்

கால்பந்து சீசன் தொடங்கும் முன் ஓர் அணி ஓரிடத்தில் கூடி, உடலையும் ஆட்ட முறையையும் தயார்செய்துகொள்ளும் காலமே சீசனுக்கு முந்தைய பயிற்சி. தொழில்முறை அணிகளுக்கு இது பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம். இந்த நாட்களில் புள்ளிப் பட்டியல் இல்லை, கோப்பை இல்லை, பெரும்பாலும் டிக்கெட்டும் இல்லை. ஆனால் பேச்சுக்கு மட்டும் குறைவே இல்லை. புதிதாக வந்த வெளிநாட்டு வீரர் தேறுவாரா, போன வருடம் முழங்காலில் அடிபட்டவர் முழு வேகத்தில் ஓடுகிறாரா, இரண்டாவது கோல்கீப்பர் யார், இடது பக்கத்துக்கு ஆள் இருக்கிறதா என்று பயிற்சி மைதானத்தின் வேலியோரத்திலேயே சீசனின் முதல் தீர்ப்புகள் எழுதப்பட்டுவிடும்.

திருவனந்தபுரத்தில் இந்தப் பேச்சுக்கு 2024-ல் ஒரு புதிய மையம் கிடைத்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 7 அன்று சூப்பர் லீக் கேரளா தொடங்கியது. காலிக்கட், கொச்சி, கண்ணூர், மலப்புரம், திருச்சூர் அணிகளோடு தலைநகரின் சார்பில் திருவனந்தபுரம் கொம்பன்ஸ் களமிறங்கியது. ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்து அணிகளோடு தலா இரண்டு முறை மோத வேண்டும். ஆக, ஓர் அணிக்கு லீக் சுற்றில் 10 ஆட்டம். அரையிறுதி, இறுதி எல்லாம் சேர்த்து நவம்பர் 10-க்குள் தொடர் முடிந்துவிட்டது. இரண்டே மாதம் நடக்கும் தொடருக்கு ஒரு மாதத்துக்கு மேல் பயிற்சி தேவைப்படுகிறது என்றால், அந்தப் பயிற்சியைச் சீசனின் முன்னுரை என்று ஒதுக்கிவிட முடியாது. தொடர் எவ்வளவு சிறியதோ, அவ்வளவுக்குப் பயிற்சியின் எடை கூடுகிறது. திருவனந்தபுரத்து ரசிகர் விவாதத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கே அடிப்படை.

மெல்போர்னின் நான்கு மாதம்

இந்தக் கணக்கை நேர்மாறான ஒரு விளையாட்டோடு ஒப்பிட்டால் தெளிவாகும். சீசனுக்கு முந்தைய பயிற்சியை உலகிலேயே மிக நீளமாக நடத்தும் விளையாட்டுகளில் ஒன்று ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்து. அந்த விளையாட்டின் பிறப்பே பயிற்சியோடு சம்பந்தப்பட்டது. 1858 ஜூலையில் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர் மெல்போர்ன் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிய கடிதத்தில், குளிர்காலத்தில் கிரிக்கெட் வீரர்களின் உடல் தளர்ந்துவிடாமல் இருக்க ஒரு கால்பந்துக் கழகம் தொடங்கலாம் என்று யோசனை சொன்னார். அடுத்த ஆண்டு மே மாதம் மெல்போர்ன் கழகம் விதிகளை எழுதியது. அடுத்த கிரிக்கெட் சீசன் வரை உடம்பைக் காப்பாற்றச் சொன்ன யோசனை, தனி விளையாட்டாக வளர்ந்துவிட்டது.

இன்று அங்கே பக்கத்துக்கு 18 பேர், 185 மீட்டர் நீளம் வரை விரியக்கூடிய நீள்வட்ட மைதானத்தில் ஆடுகிறார்கள். நடுக்களத்தில் ஆடும் ஒருவர் ஓர் ஆட்டத்தில் 12 முதல் 15 கிலோமீட்டர் வரை ஓடுவது சாதாரணம். அதனால் பயிற்சியும் நீளம். இளம் வீரர்கள் நவம்பரிலேயே வந்துவிடுவார்கள். மூத்தவர்கள் அவர்களுக்குப் பிறகு சேர்வார்கள். கிறிஸ்துமஸ் இடைவேளை, ஜனவரியில் கடும் உழைப்பு, பிப்ரவரி கடைசியில் பயிற்சி ஆட்டங்கள், மார்ச்சில் சீசன் என்று வரிசையாகப் போகும். 2 கிலோமீட்டர் ஓட்டத்தை யார் எத்தனை நிமிடத்தில் முடித்தார் என்பது அங்கே செய்தி. சுமார் 6 நிமிடத்தில் முடிப்பவர் பாராட்டப்படுவார்; புதிதாகச் சேர்ந்த 18 வயதுப் பையன் மூத்தவர்களை முந்திவிட்டால் ஒரு வாரத்துக்கு அதுவே பேச்சு. பயிற்சியைப் போய்ப் பார்த்து, யார் எந்தக் குழுவில் ஓடினார், யார் தனியாக உடற்பயிற்சியாளரோடு நடந்தார் என்று குறித்துக்கொண்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்லும் ரசிகர்கள் ஒவ்வொரு கழகத்துக்கும் உண்டு.

நான்கு மாதப் பயிற்சிக்குப் பிறகு ஓர் ஆஸ்திரேலிய அணி ஆடுவது 23 லீக் ஆட்டங்கள். தொடைப் பின்தசை கிழிந்து ஒரு வீரர் மூன்று வாரம் உட்கார்ந்தால் அணிக்கு இழப்பு 23-ல் மூன்று. அதே காயம் சூப்பர் லீக் கேரளாவில் வந்தால் 10-ல் மூன்று அல்லது நான்கு ஆட்டம் போய்விடும். சீசனில் மூன்றில் ஒரு பங்கு. ஆடிக்கொண்டே உடலைத் தேற்றிக்கொள்ளும் வசதி மெல்போர்னுக்கு உண்டு. திருவனந்தபுரத்துக்கு இல்லை.

மைதானங்கள்

கொம்பன்ஸின் சொந்த மைதானம் பாளையத்தில் உள்ள சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியம். கேரள மாநிலத்தின் முதல் போலீஸ் ஐ.ஜி. பெயரைத் தாங்கிய இந்த அரங்கம் 1950-களில் வந்தது. இன்றும் நகரத்துக்காரர்களுக்கு அது போலீஸ் ஸ்டேடியம்தான். பக்கத்திலேயே பல்கலைக்கழக ஸ்டேடியம், தலைமைச் செயலகத்தை ஒட்டி சென்ட்ரல் ஸ்டேடியம், நகருக்கு வடக்கே காரியவட்டத்தில் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியின் மைதானங்கள், அருவிக்கரை அருகே மைலத்தில் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளி என்று பயிற்சிக்கான இடங்கள் பரந்து கிடக்கின்றன.

காரியவட்டத்தின் கிரீன்ஃபீல்ட் ஸ்டேடியம் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகத் திறக்கப்பட்டது. 2016 ஜனவரி 3 அன்று தெற்காசியக் கால்பந்துக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியா ஆப்கானிஸ்தானை 2-1 என்று வென்றதும் இங்கேதான். பிறகு அந்த அரங்கம் பெரும்பாலும் கிரிக்கெட்டுக்குப் போனது. நகரின் மிகப் பெரிய அரங்கம் கால்பந்துக்கு எப்போதும் கிடைப்பதில்லை என்ற ஆதங்கம் கால்பந்து ரசிகர்களின் பேச்சில் அடிக்கடி தலைகாட்டும்.

மழையோடு ஒரு கணக்கு

செப்டம்பரில் தொடர் என்றால் ஜூலை, ஆகஸ்டில் பயிற்சி. அது தென்மேற்குப் பருவமழைக் காலம். வட கேரளத்தோடு ஒப்பிட்டால் திருவனந்தபுரத்தில் மழை குறைவு. ஆனால் வடகிழக்குப் பருவமழையும் இங்கே உண்டு. ஆகவே பயிற்சி ஒரு மழையிலும் தொடரின் பின்பாதி இன்னொரு மழையிலும் நடக்கும்.

ஈரத் தரை பயிற்சியாளரின் திட்டத்தை மாற்றுகிறது. சேற்றில் கால் வழுக்கும்போது தொடையின் உள்தசையும் பின்தசையும் கூடுதலாக இழுபடும். குறும்பாஸ் ஆட்டத்தைப் பழக வேண்டிய நாளில் தேங்கிய நீரில் பந்து நின்றுவிடும். வேகப் பயிற்சியை உடற்பயிற்சிக் கூடத்துக்கோ செயற்கைப் புல்தரைக்கோ மாற்ற வேண்டிவரும். மழை விட்டால் புழுக்கம். வெப்பம் 30 டிகிரியைச் சுற்றி இருந்தாலும் காற்றில் ஈரம் 80 சதவீதத்தைத் தாண்டினால் வியர்வை உலராது, உடல் குளிராது. கடும் பயிற்சியில் ஒருவர் மணிக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வியர்வை இழக்கலாம். உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் நீர் குறைந்தால் ஓட்டமும் கவனமும் சரியும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் வீரர்களை எடைபோட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

குளிர்நாட்டிலிருந்து வரும் வீரர் இந்தப் புழுக்கத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் ஏற்கப்பட்ட கணக்கு. கொம்பன்ஸ் 2024-ல் பிரேசில் பயிற்சியாளர் செர்ஜியோ அலெக்சாண்டரையும், பாட்ரிக் மோட்டா தலைமையில் பல பிரேசில் வீரர்களையும் கொண்டு வந்தது. வெளிநாட்டு வீரர் எந்தத் தேதியில் விமானம் இறங்குகிறார் என்பதை ரசிகர்கள் ஆவலாக விசாரிப்பதற்கு நல்ல காரணம் உண்டு. தொடருக்கு ஒரு வாரம் முன்னால் வருபவர் முதல் இரண்டு ஆட்டத்தில் பாதி நேரம்தான் பயன்படுவார்.

கடற்கரையின் கண்

இந்த நகரின் ரசிகர்களில் ஒரு பெரும் பகுதி கடற்கரைக்காரர்கள். வெட்டுக்காடு, வலியதுறை, பூந்துறை, விழிஞ்ஞம், பூவார், பொழியூர் என்று நீளும் மீனவ ஊர்களில் மாலை ஆனால் மணலில் பந்து உருளும். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பொழியூர், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராஃபி வீரர்களின் ஊர் என்று கேரளமெங்கும் பெயர் பெற்றது. எல்லையைத் தாண்டினால் நீரோடி, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, தூத்தூர் என்று கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையிலும் அதே ஆட்டம். மாநிலம் மாறினாலும் அந்த மணலில் மொழியும் உறவும் பந்தும் கலந்தே ஓடுகின்றன. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்காக 2018-19 ஐ-லீக்கில் கோல்களைக் குவித்த ஜாபி ஜஸ்டின் வெட்டுக்காட்டுக்காரர். சென்னை சிட்டியிலும் ஜாம்ஷெட்பூரிலும் ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர்.

ஜூன், ஜூலையில் கடல் கொந்தளிக்கும். கேரளத்தில் ஜூன் 10 முதல் ஜூலை 31 வரை 52 நாள் விசைப்படகு இழுவலைக்குத் தடை. தமிழ்நாட்டின் மேற்குக் கடற்கரையில் ஜூன், ஜூலை முழுவதும் தடை. திருவனந்தபுரத்து நாட்டுப்படகுகளுக்கு இந்தத் தடை பொருந்தாவிட்டாலும் பல நாட்கள் கடலே அனுமதிக்காது. கரையில் ஆட்கள் இருக்கும் அந்தக் காலமும் அணிகள் பயிற்சிக்குக் கூடும் காலமும் ஒன்றாக வந்துவிடுகின்றன.

இப்படிப்பட்ட ரசிகர் பயிற்சியைப் பார்ப்பதே வேறு விதம். வீரரைச் சிறுவயதிலிருந்து பார்த்தவர், கூட ஆடியவர், அவர் அண்ணனோடு கடலுக்குப் போனவர் என்று ஏதோ ஒரு வகையில் தொடர்புள்ளவர். வலது காலை ஊன்றத் தயங்குகிறான், தலையால் முட்டப் போகாமல் நழுவுகிறான் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார். தொலைக்காட்சியில் மட்டும் ஆட்டம் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் பிடிபடாது.

அலுவலக அணிகளின் காலம்

கொம்பன்ஸுக்கு முன்பு, பல ஆண்டுகளாகத் தலைநகரின் கால்பந்து என்றால் அலுவலக அணிகள்தான். கேரள போலீஸ், திருவாங்கூர் டைட்டானியம், ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர், மின்வாரியம், மாநிலக் கணக்காயரின் ஏஜிஸ் அலுவலகம் ஆகியவை விளையாட்டு ஒதுக்கீட்டில் வீரர்களுக்கு வேலை கொடுத்து அணி நடத்தின. அங்கே சீசனுக்கு முந்தைய பயிற்சி என்று தனியாக ஒரு கோடு கிழிக்க முடியாது. வேலையும் பயிற்சியும் ஆண்டு முழுவதும் சேர்ந்தே ஓடின. வீரர்கள் வருடக்கணக்கில் ஒரே அணியில் இருந்ததால், ஒருவர் எங்கே ஓடுவார் என்பது மற்றவருக்குப் பார்க்காமலே தெரிந்தது.

அதன் உச்சம் கேரள போலீஸ். ஐ.எம். விஜயன், வி.பி. சத்யன், சி.வி. பாப்பச்சன், யு. ஷரஃப்அலி, குரிகேஷ் மேத்யூ, கே.டி. சாக்கோ என்று ஒரு தலைமுறையே அந்தச் சீருடையில் ஆடியது. 1990-ல் திருச்சூரிலும் 1991-ல் கண்ணூரிலும் தேசிய அளவிலான ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. அந்தக் கோப்பையை வென்ற முதல் கேரள அணி அதுதான்.

அலுவலக அணிகள் மங்கியபோது அந்த நீண்ட பழக்கமும் போனது. ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் 2017 ஏப்ரல் 1 அன்று பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்தது. இன்றைய லீக் அணி ஒப்பந்தத்தால் கூடுகிறது. பத்து இடங்களிலிருந்து வந்தவர்கள் சில வாரத்தில் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள வேண்டும். பழைய அணி வருடக்கணக்கில் சேர்த்த இசைவை, புதிய அணி முகாமில் சேர்க்கப் பார்க்கிறது. பழைய ரசிகர்கள் போலீஸ் அணியோடு இன்றைய அணிகளை ஒப்பிடும்போது மறந்துவிடுவது இதைத்தான்.

முகாமில் நடப்பது என்ன?

முதல் வாரம் பரிசோதனைக்கு. மருத்துவச் சோதனை, எடை, கொழுப்பு அளவு, பிறகு ஓட்டத் தேர்வு. டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ வகுத்த யோ-யோ தேர்வு கிரிக்கெட் மூலம் இந்தியாவில் பிரபலமானாலும் அது முதலில் கால்பந்துக்காக வந்தது. 20 மீட்டர் போய்த் திரும்பி, 10 விநாடி மூச்சு வாங்கி, மணி ஒலிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். நின்று நின்று ஓடும் விளையாட்டுக்கு இந்தத் தேர்வு பொருத்தம்.

இரண்டாம், மூன்றாம் வாரத்தில் ஓட்டத்தின் அளவு கூடும். பந்தோடு சேர்ந்த ஓட்டமாகவே அது இருக்கும். சிறிய கட்டத்துக்குள் நான்குக்கு நான்கு, ஐந்துக்கு ஐந்து என்று ஆடவிடுவதால் மூச்சும் முடிவெடுக்கும் வேகமும் ஒருசேரப் பழகும். தொடைப் பின்தசையைக் காக்கும் நார்டிக் பயிற்சி இந்தக் கட்டத்தில் சேரும். முட்டியிட்டு நின்று, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடலை மெல்ல முன்னால் சாய்க்க வேண்டும். ஒழுங்காகச் செய்யும் அணிகளில் பின்தசைக் காயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. நான்காம் வாரத்திலிருந்து ஆட்ட முறை: பந்தை இழந்ததும் எங்கே நெருக்குவது, கார்னரில் யார் யாரைப் பிடிப்பது. கடைசி இரண்டு வாரம் பயிற்சி ஆட்டங்கள். தொடர் நெருங்க நெருங்க ஓட்டத்தின் அளவு குறைந்து வேகம் மட்டும் மிஞ்சும்.

வீரர்களின் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே தெரியும் சின்னப் புடைப்பு ஜி.பி.எஸ். கருவி. இதை விளையாட்டு உலகம் முழுவதும் பரப்பிய நிறுவனங்களில் முக்கியமான கேட்டபல்ட், 2006-ல் மெல்போர்னில் தொடங்கப்பட்டது. ஒருவர் எவ்வளவு தூரம் ஓடினார், எத்தனை முறை முழு வேகம் எடுத்தார் என்பதை அது சொல்லும். பயிற்சியின் சுமையைத் திடீரென்று ஏற்றினால் காயம் வரும், படிப்படியாக ஏற்றிய உடல் கடும் சுமையையும் தாங்கும் என்று ஆஸ்திரேலிய விளையாட்டு அறிவியலாளர் டிம் கேபட் 2016-ல் எழுதிய கட்டுரை பயிற்சியாளர்கள் நடுவே பெரிதும் பேசப்பட்டது. அண்மைச் சுமைக்கும் பழகிய சுமைக்கும் இடையே அவர் கணக்கிட்ட விகிதத்தைப் பிறகு பலர் கேள்விக்குள்ளாக்கினார்கள். ஆனால் சுமையைத் திடீரென ஏற்றக்கூடாது என்ற பொது விதியைப் பெரும்பாலான பயிற்சியாளர்கள் கைவிடவில்லை.

ஐந்து சர்ச்சைகள்

ரசிகர் விவாதம் சுற்றிச் சுற்றி வருவது ஐந்து விஷயங்களில்.

முதலாவது, தனியாக ஓடுபவர். மற்றவர்கள் பந்தோடு இருக்கும்போது ஒருவர் மட்டும் கோட்டோரம் நடந்தால் காயம் என்று முடிவுகட்டுவார்கள். பெரும்பாலும் அது முன்கூட்டியே திட்டமிட்ட ஓய்வு. இரண்டு வாரம் தொடர்ந்து அப்படியே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இரண்டாவது, செவன்ஸ். மலபாரில் நவம்பர் முதல் மே வரை நடக்கும் எழுவர் ஆட்டத் தொடர்களுக்கு அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் அங்கீகாரம் இல்லை. ஆனால் வீரர்களுக்கு அன்றன்றே கையில் பணம் கிடைக்கும். செவன்ஸ் ஆடி வந்தவருக்கு ஆட்ட வேகமும் துணிச்சலும் இருக்கும் என்பது ஒரு கட்சி. சிறிய, கரடான மைதானத்தில் இரவுக்கு இரவு ஆடிய முழங்கால் சீக்கிரம் தேயும் என்பது மறு கட்சி. இரண்டிலும் உண்மை உண்டு. செவன்ஸ் முடிந்த உடலுக்கு முதலில் தேவை ஓய்வு. அதைத் தராமல் நேரே முகாமுக்கு அழைத்தால் ஜூலையிலேயே பலன் தெரிந்துவிடும்.

மூன்றாவது, பயிற்சி ஆட்டத்தின் முடிவு. உள்ளூர் அணியை 6-0 என்று அடித்தால் கொண்டாட்டம், தோற்றால் துக்கம். பயிற்சியாளருக்கு அந்த எண்ணிக்கை முக்கியமில்லை. யார் 60 நிமிடம் தாக்குப்பிடித்தார், இரண்டாம் பாதியில் தற்காப்பு வரிசை எத்தனை மீட்டர் பின்வாங்கியது என்பதையே அவர் பார்ப்பார்.

நான்காவது, இடமாற்றம். வலது விங்கில் ஆடியவரைப் பயிற்சியில் பின்வரிசையில் நிறுத்தினால் பேச்சு பற்றிக்கொள்ளும். ஒரே ஒரு நாள் மாற்றத்துக்குப் பொருளில்லை. பயிற்சி ஆட்டங்கள் மூன்றிலும் அதே இடம் என்றால் அது முடிவாகிவிட்டது.

ஐந்தாவது, உள்ளூர் வீரருக்கு இடம். கடற்கரையிலிருந்து எத்தனை பேர், பெஞ்சில் எத்தனை பேர் என்ற கணக்கு. சந்தோஷ் டிராஃபி முகாம்களுக்கும் இதே கேள்வி வரும். 2018 ஏப்ரல் 1 அன்று கொல்கத்தாவில் மேற்கு வங்கத்தை ஷூட்-அவுட்டில் 4-2 என்று வீழ்த்திக் கோப்பை வென்ற கேரள அணியின் பயிற்சியாளர் சதீவன் பாலன் திருவனந்தபுரத்துக்காரர். இளம் பெயர்கள் நிறைந்த அந்த அணி கோப்பையோடு திரும்பியது, உள்ளூர் வீரர்களுக்காக வாதாடுபவர்கள் கையில் பலமான சான்று.

பேச்சு எவ்வளவு தூரம் செல்லும்?

பயிற்சியில் தெரிவது உடலின் நிலை. எதிரணியின் நெருக்குதலில் ஒருவர் என்ன செய்வார் என்பது அங்கே தெரியாது. முகாமை எவ்வளவு நன்றாக நடத்தினாலும் சில காயங்களைத் தடுக்க முடியாது என்பதும் உண்மை. 2020 நவம்பர் 20 அன்று இந்தியன் சூப்பர் லீக் தொடக்க ஆட்டத்தில் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக இறங்கிய மைக்கேல் சூசைராஜ், முதல் கால் மணி நேரத்துக்குள் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அந்தச் சீசனே அவருக்கு முடிந்துபோனது. மாதக்கணக்கில் உழைத்த வீரருக்குக் கிடைத்தது சில நிமிட ஆட்டம்.

ரசிகர்கள் பார்ப்பதற்கும் எல்லை உண்டு. ஆட்ட முறைப் பயிற்சியைக் கழகங்கள் பெரும்பாலும் மூடிய கதவுக்குள் நடத்துகின்றன. வெளியே வரும் சில விநாடிக் காணொளிகளில் நல்ல கோல்கள் மட்டுமே இருக்கும். அவற்றைவிட, யார் முகாமில் இருக்கிறார், யார் இல்லை, எத்தனை நாள் முழுப் பயிற்சி செய்தார் என்ற வருகைக் கணக்கு நம்பத் தகுந்தது. மெல்போர்னிலும் அனுபவமுள்ள ரசிகர்கள் குறித்துவைப்பது இதைத்தான்.

பயிற்சி பலித்ததா என்பதைச் சோதிக்க மூன்று அளவுகோல்கள் போதும்: முதல் மூன்று ஆட்டத்தில் தசைக் காயத்தால் விலகியவர்கள் எத்தனை பேர், கடைசி 15 நிமிடத்தில் வாங்கிய கோல்கள் எத்தனை, பயிற்சியாளர் முதல் பதினொருவரை எத்தனை முறை மாற்ற நேர்ந்தது. 2024 செப்டம்பர் 10 அன்று கொம்பன்ஸ் தன் முதல் ஆட்டத்தில் கோழிக்கோட்டில் காலிக்கட் அணியோடு 1-1 என்று சமன் செய்தது. அரையிறுதி வரை முன்னேறி, அதே காலிக்கட்டிடம் 2-1 என்று தோற்றது. கோப்பையையும் காலிக்கட்டே வென்றது. புதிதாகக் கூடிய ஓர் அணி முதல் ஆண்டிலேயே அரையிறுதிக்குப் போனது முகாமின் வெற்றி என்பார்கள் சிலர். இன்னும் இரண்டு வாரம் கிடைத்திருந்தால் இறுதிக்கும் போயிருக்கும் என்பார்கள் மற்றவர்கள். பத்து ஆட்டத் தொடரில் மூன்றாவது ஆட்டம் முடியும்போது லீக் சுற்றில் 30 சதவீதம் கடந்துவிடும். அதற்குப் பிறகு உடலைத் தேற்ற நாளில்லை. இருக்கும் உடலோடு மீதி ஏழு ஆட்டத்தையும் ஆடி முடிக்க வேண்டியதுதான்.